தொகை பெறாத பட்டியல்

வேர்டில் ஒரு வரியின் ஆரம்பத்தில் நட்சத்திரக் குறியைத் தட்டி ஓர் இடம் விட்டால் நட்சத்திரம் மறைந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி வந்து உட்கார்ந்துகொள்கிறது. வரி சற்று உள்ளே தள்ளிப்போய் நிற்கிறது. பன்னிரண்டு வருஷமாக ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருக்கும் நான் இதை ஆயிரக்கணக்கான தடவை செய்திருப்பேன். இந்தப் புள்ளி என்ன என்று யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு மனிதர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் புள்ளி.

நாம் தட்டும் எழுத்துக்கள் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம், அழிக்கலாம், வெட்டி வேறிடத்தில் ஒட்டலாம். புள்ளியை அப்படித் தனியாகத் தொட முடியாது. அதன்மேல் சொடுக்கினால் அந்தப் பட்டியலில் அதே மட்டத்தில் இருக்கும் அத்தனை புள்ளிகளும் ஒருசேரச் சாம்பல் நிறம் கொள்கின்றன. வேர்டின் கணக்கில் புல்லட் என்பது எழுத்து இல்லை, பத்தியின் ஒரு குணம். பத்தி முடிவதைக் காட்டும், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத குறியில் அது பதிந்திருக்கிறது. ஒரு வேர்டு கோப்பின் பெயரில் வாலாக இருக்கும் ‘டாக்எக்ஸ்’ என்பதை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்தால் உள்ளே ஒரு கோப்புக் கூட்டமே இருக்கிறது. நாம் எழுதிய வாக்கியங்கள் ஒரு கோப்பில். எந்த மட்டத்துக்கு எந்தக் குறி, எவ்வளவு உள்தள்ளல் என்ற பட்டியல் விதிகள் இன்னொரு கோப்பில். வாக்கியத்தோடு ஒட்டியிருப்பவை இரண்டு எண்கள்தாம்: எந்தப் பட்டியல், எந்த மட்டம். மட்டங்கள் மொத்தம் ஒன்பது.

ஆக, புள்ளியை நான் எழுதவில்லை. அது என் கோப்பில் இருக்கிறது, என் கிளையின் பெயரில் போகிறது, ஆனால் நான் எழுதவில்லை. எழுதியதற்குப் பொறுப்பேற்பது பழகிப்போன விஷயம். எழுதாமல் விட்டதற்கு, அதுவும் நாம் எழுதவேண்டிய இடத்தில் ஒரு இயந்திரம் வேறெதையோ வைத்துவிட்டு நகர்ந்ததற்கு, பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்வியைத் தத்துவப் பயிற்சியாக நான் எழுப்பவில்லை. ஒரு கடன் விண்ணப்பத்திலிருந்து எழுப்புகிறேன்.

எங்கள் ஊரில் தெருமுனையில் வண்டி வைத்துத் துணி தேய்க்கும் ஒருவர், மகளின் பட்டப்படிப்புக்காகக் கல்விக்கடன் கேட்டு வந்தார். படிவத்தை நிரப்ப உதவியவன் நான். நிரப்பும்போது அவராகவே சொன்னார்: “வீட்ல அவங்களுக்கு உடம்புக்கு முடியாமப் போன வருஷம் மொபெட் தவணை கட்ட முடியல சார். பாப்பாதான் ஆஸ்பத்திரில கூடவே இருந்துச்சு. அதான் அந்த ஒரு வருஷம் படிப்பு நின்னுபோச்சு. அப்புறம் மொத்தத்தையும் அபராதத்தோட கட்டி முடிச்சுட்டேன்.” மனைவி இறந்துவிட்டார் என்பதை அவர் சொல்லவில்லை. படிவத்தில் தாயார் பெயருக்கு முன்னால் எழுதச் சொன்ன ஒரு சொல்லிலிருந்து தெரிந்துகொண்டேன்.

மேனேஜருக்கு அந்தக் கடனில் விருப்பமில்லை. அவர் கெட்டவரில்லை. வசூலாகாத கடன்களுக்காக அந்த மார்ச்சில் அவர் வாங்கிக்கட்டிக்கொண்டது எனக்குத் தெரியும். கல்விக்கடனை நிராகரிப்பதானால் மேல் அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். அதற்கு ஒரு குறிப்பு தயாராக வேண்டும். “நீங்கதான் இங்கிலீஷ் படிச்சவராச்சே, அடிங்க சார்” என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். “அதெல்லாம் யார் படிப்பா? பாயிண்ட் பாயிண்டாப் போடுங்க” என்றார். நட்சத்திரம், இடம், புள்ளி. தகப்பனாருக்கு நிலையான வருமானம் இல்லை. எண்டர். வாகனக் கடனில் ஐந்து தவணை தாமதம். எண்டர். எடுக்கும் படிப்புக்கு வேலைவாய்ப்பு உறுதியில்லை. எண்டர்.

மூன்றோடு அவர் நிறுத்திவிட்டார். ஆனால் நான் எண்டர் தட்டியிருந்தேன். நாலாவது புள்ளி வந்து காலியாக நின்றது. அதன் எதிரே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். “இன்னும் ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். நான் விண்ணப்பத்தைப் புரட்டினேன். படிப்பில் ஓராண்டு இடைவெளி. அதையும் தட்டினேன். இதை நான் வேண்டுமென்று செய்ததாகச் சொல்ல முடியாது. காலியாக ஒரு இடம் இருந்தது, நிரப்பினேன். வங்கியில் என் வேலையே காலியிடங்களை நிரப்புவதுதான்.

குறிப்பு போயிற்று. சம்மதம் வந்தது. பத்து நாள் கழித்து அவர் கவுண்டருக்கு வந்தார்.

“எத்தனை காரணம் சார் போட்டிருந்தாங்க?”

“நாலு.”

“நாலா?”

சொன்னேன். விரலை மடக்கிக்கொண்டு கேட்டார். பிறகு, “ரெண்டாவதும் நாலாவதும் ஒண்ணுதானே சார். அந்த வருஷம்தானே ரெண்டும்” என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுகிற தொனிதான் இருந்தது.

அவர் சொன்னது சரி. ஒரு துக்கத்தை நான் இரண்டு குற்றங்களாக எண்ணியிருந்தேன். இது பொய்யில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தவணை தாமதமானது உண்மை. படிப்பு நின்றது உண்மை. நான்கு வரிகளில் எந்த ஒன்றையும் எடுத்து ‘இது தவறு’ என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆயினும் அந்தப் பக்கம் முழுவதும் ஒரு பொய். பொய் எங்கே இருந்தது? வரிகளில் இல்லை. வரிகளுக்கு நடுவே, புள்ளிகள் இருந்த இடத்தில் இருந்தது.

அன்றிரவு வீட்டில் அதையே வாக்கியமாக எழுதிப் பார்த்தேன், தமிழில். ஏனென்றால் அவர் என்னிடம் சொன்னது தமிழில், அதுவும் வாக்கியமாக. மனைவி நோயில் கிடந்த ஆண்டில் ஐந்து தவணைகள் தவறியபோதிலும், அதே ஆண்டில் தாயைக் கவனிக்க மகள் படிப்பை நிறுத்த நேர்ந்தபோதிலும், பின்னர் அபராதத்துடன் கடன் முழுவதையும் அடைத்துவிட்டு, அவளைத் திரும்பவும் பள்ளிக்கு அனுப்பித் தேற வைத்திருக்கிறார். இதற்குப் பிறகு ‘ஆகையால்’ என்று எழுதினேன். அடுத்து வரவேண்டிய சொற்கள், ‘கடன் கொடுக்க வேண்டியதில்லை’ என்பவை, அங்கே வந்து நிற்க மறுத்தன. வலிந்து எழுதினால் அபத்தம் அப்பட்டமாகத் தெரிந்தது. அதே தகவல்தான். நாலு புள்ளிகளுக்கு எதிரே நின்றபோது நிராகரிப்புக்கு வழி செய்த தகவல், ஒரு வாக்கியத்துக்குள் வந்ததும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது.

தமிழ் வாக்கியத்தின் இயல்பு இதற்கு ஒரு காரணம். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அதுவரை வரும் வினைகள் எல்லாம் எச்சங்களாக, தங்களுக்கும் அடுத்ததற்கும் என்ன உறவு என்று சொல்லிக்கொண்டே வந்தாகவேண்டும். ‘தவறியதால்’, ‘தவறியும்’, ‘தவறினாலும்’, ‘தவறிய பின்’ — ஒரே செயல், வாலில் மட்டும் வேற்றுமை. அந்த வாலில்தான் காரணம் இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது, எதிர்ப்பு இருக்கிறது. புல்லட் முதலில் செய்வது இந்த வாலை வெட்டுவது. ‘தவறியும்’ என்பது ‘தாமதம்’ என்றாகிவிடுகிறது. பெயர்ச்சொல்லாக மாறிய வினை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. யார் செய்தது, ஏன் செய்தது, செய்தபின் என்ன ஆயிற்று — எல்லாவற்றையும் உதறிவிட்டு அது ஒரு பொருளைப்போல, மேஜைமேல் வைத்த பேப்பர்வெயிட்டைப்போல, இருக்கிறது.

வேர்டிலேயே இதைப் பரிசோதிக்க ஒரு வழி உண்டு. கர்சரை ஒரு வரியில் வைத்து, ஆல்ட், ஷிஃப்ட் சாவிகளை அமுக்கிக்கொண்டு மேல் அம்புக்குறியைத் தட்டினால் அந்தப் பத்தி முழுசாக ஒரு படி மேலே போகும். கீழ் அம்பு கீழே தள்ளும். என் குறிப்பின் நாலு வரிகளையும் இப்படிக் குலுக்கிப் பார்த்தேன். எந்த வரிசையிலும் எந்தச் சேதமும் இல்லை. அகரவரிசைப்படி அடுக்கும் பொத்தானைத் தட்டினேன். அப்போதும் குறிப்பு குறிப்பாகவே இருந்தது. ஒரு வாதத்தின் வாக்கியங்களை இப்படிக் கலைத்தால் வாதம் செத்துப்போகும். கலைத்தாலும் சாகாததற்கு உயிர் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதாவது நாங்கள் அனுப்பியதில் வாதமே இல்லை. ஆனால் வாதத்தின் விளைவு கிடைத்துவிட்டது.

இதை நம் இலக்கணக்காரர்கள் அறிந்திருந்தார்களோ என்று எனக்குச் சந்தேகம். பட்டியலை அவர்கள் ‘எண்’ என்றார்கள். ‘உம்’ சேர்த்து அடுக்குவது எண்ணும்மை. எந்த இடைச்சொல்லும் இல்லாமல் வெறுமனே அடுக்குவது செவ்வெண். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலில் பவணந்தி இதற்கு ஒரு விதி வைக்கிறார். பெயர்களைச் செவ்வெண்ணாக அடுக்கினால் முடிவில் தொகை வரவேண்டும். ‘சாத்தன், கொற்றன் வந்தார்’ என்று விட்டுவிட முடியாது. ‘சாத்தன், கொற்றன் இருவரும் வந்தார்’ என்று முடிக்கவேண்டும். உம்மையால் கோத்திருந்தால் தொகை இல்லாமலும் போகலாம். ஏனெனில் அங்கே கோத்த நூல் கண்ணுக்குத் தெரிகிறது. நூல் தெரியாத இடத்தில், கடைசியில் ஒருவர் வந்து நின்று எண்ணிக் காட்டவேண்டும். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு இந்தச் சூத்திரம் வெகு தாமதமாகத்தான் கிட்டியது. இலக்கண விதியாக மட்டும் இதை என்னால் வாசிக்க முடியவில்லை. இணைப்பை மறைத்தவன் கூட்டலைக் காட்டக் கடமைப்பட்டவன் என்று அது சொல்கிறது.

திரிகடுகத்தின் நூறு வெண்பாக்களையும் இந்தக் கண்ணோடு புரட்டலாம். நல்லாதனாரின் நீதிகள் இன்று நமக்கு எவ்வளவு ஏற்புடையவை என்பது வேறு விவகாரம். பல ஏற்புடையவை அல்ல. ஆனால் அநேகமாக ஒவ்வொரு பாட்டிலும் ‘இம்மூன்றும்’ என்றோ ‘இம்மூவர்’ என்றோ ஒரு தொகைச் சொல் வந்து விழுகிறது. அந்தச் சொல் விழுந்த மாத்திரத்தில் அதுவரை தனித்தனியாக நின்ற மூன்றும் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கின்றன. இவை ஏன் சேர்ந்தன என்று வாசகன் கேட்கிறான். இவை சேராது என்று மறுக்கவும் அவனுக்கு இடம் கிடைக்கிறது. சுக்கையும் மிளகையும் திப்பிலியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கொடுத்துவிட்டு மருந்து கொடுத்ததாகச் சொல்ல முடியாது என்பது நூலின் பெயரிலேயே இருக்கிறது.

இலக்கணத்துக்குப் போவானேன், வங்கியிலேயே தொகை இல்லாத பட்டியல் கிடையாது. வவுச்சர்களை அடுக்கினால் அடியில் கூட்டல் இருக்கும், கூட்டியவரின் இனிஷியல் இருக்கும். நூறு நோட்டுக் கட்டின் மேல் சுற்றும் தாளில்கூட எண்ணியவர் கையெழுத்துப் போடுகிறார். குறைந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். பணத்தை எண்ணும்போது இவ்வளவு கவனமாக இருக்கிற ஸ்தாபனம், ஒரு மனிதனின் குறைகளை எண்ணும்போது கூட்டலும் கேட்பதில்லை, இனிஷியலும் கேட்பதில்லை. என் குறிப்பில் ‘இந்த நான்கினாலும் கடன் மறுக்கப்படலாம்’ என்ற வரி கிடையாது. யாரும் அதை எழுதவில்லை. மேல் அலுவலகத்தில் இருந்தவர் மனசுக்குள் கூட்டிக்கொண்டார். நாங்கள் எண்ணிக் கொடுத்தோம், கூட்டவில்லை. அவர் கூட்டினார், எண்ணவில்லை. குற்றம் நடுவே எங்கோ காற்றில் நின்றது.

எண் போட்ட பட்டியலையும் இங்கே யோசிக்கவேண்டும். பழைய அலுவலகக் கடிதங்களில் 1, 2, 3 என்று பத்திகள் இருக்கும். தட்டச்சுப் பொறியில் புல்லட்டுக்கென்று ஒரு சாவி கிடையாது. எண் போட்டால் குறைந்தபட்சம் கடைசி எண்ணே ஒரு தொகையாகிவிடுகிறது. ‘உங்கள் மூன்றாவது காரணம் செல்லாது’ என்று எதிராளி விரல் நீட்ட முடிகிறது. புல்லட்டில் அதுவும் இல்லை. தேய்ப்புக்காரர் தம் விரல்களை மடக்கித்தான் தமக்கான எண்களை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி எண்ணியதால்தான் அவருக்குப் பிழை தெரிந்தது.

என் கிளையின் ஒரு விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய குற்றச்சாட்டா என்று கேட்கலாம். இந்தக் கரும்புள்ளி என் கிளையில் பிறந்ததல்ல. திரையில் காண்பதே தாளில் வரும் என்ற வகையில் எழுதும் மென்பொருளை ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் 1974இல் உருவாக்கினார்கள். அதன் பெயர் பிராவோ. சிமோனி மைக்ரோஸாஃப்டுக்குப் போனார். 1983இல் வேர்டு வந்தது. 1987இல் ராபர்ட் காஸ்கின்ஸின் முயற்சியில் பவர்பாயிண்ட் வந்தது. அதே வருஷம் மைக்ரோஸாஃப்ட் அதை 1.4 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. எழுதுபவன் பக்கத்தின் தோற்றத்தையும் தானே அமைக்கலாம் என்று ஆனபோது, தோற்றம் சிந்தனையை அமைக்கவும் வழி திறந்தது. பவர்பாயிண்டில் புல்லட் ஒரு தேர்வுகூட இல்லை. அதன் வழக்கமான பக்கமே தலைப்பும் புள்ளிகளுமாகத்தான் திறக்கிறது.

இதன் உச்சம் என்று நான் கருதுவது 2003இல் நடந்தது. அவ்வாண்டு ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பியது. சுமார் 82 விநாடிகளில் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. ஓடம் சுற்றிக்கொண்டிருக்கையில், இந்த மோதலால் ஆபத்து உண்டா என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்குப் பவர்பாயிண்ட் பக்கங்களாகச் சமர்ப்பித்தார்கள். அதில் ஒரு பக்கத்தைப் பிற்பாடு எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்க அறிஞர் வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். ஒரே பக்கத்தில் ஆறு மட்டங்கள். தலைப்பு, அதற்குள் பெரிய புள்ளி, கோடு, வைரக் குறி, சிறிய புள்ளி, கடைசியில் அடைப்புக்குறி. தலைப்பு ஆறுதல் தருவதாக இருந்தது. ‘குறிப்பிடத்தக்க’ என்று பொருள்படும் ஒரே சொல் ஐந்து இடங்களில், ஐந்துவிதமான அளவுகளுக்கு. மிக முக்கியமான தகவல் கீழ்மட்டப் புள்ளி ஒன்றில் கிடந்தது. சோதனைக்கு எடுத்துக்கொண்ட நுரைத் துண்டின் கன அளவு 3 கன அங்குலம். இறக்கையில் மோதியதாக மதிப்பிடப்பட்டது 1920 கன அங்குலம். 640 மடங்கு. அதாவது, கையில் இருந்த சோதனை இந்த மோதலைப் பற்றி ஒன்றுமே சொல்லத் தகுதியற்றது. ‘640 மடங்கு பெரிதாகையால் இந்தச் சோதனையை நம்ப முடியாது’ என்ற வாக்கியத்தை அந்தப் பக்கத்தில் யாரும் எழுதவில்லை. இரண்டு எண்கள் மட்டும் இருந்தன. ‘ஆகையால்’ இல்லை. பிப்ரவரி 1 அன்று காற்று மண்டலத்துக்குள் திரும்புகையில் ஓடம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். கல்பனா சாவ்லா அவர்களில் ஒருவர். அந்த ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை இந்தப் பக்கத்தையும் எடுத்துப் பேசியது. உயர் அதிகாரி ஒருவர் இதைப் படித்துவிட்டு, உயிராபத்தைப் பற்றிய பேச்சு இது என்று உணராமல் போயிருக்க முடியும் என்றது.

உடனே, ‘ஏழு உயிர்களைப் புல்லட் கொன்றது’ என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். அது உண்மையாகாது. சுற்றுப்பாதையில் இருக்கும் ஓடத்தின் இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகள் நிறைவேறவில்லை. கேட்க விரும்பாத காதுகளுக்கு நீளமான வாக்கியமும் கேட்டிருக்காது. என் மேனேஜரும் நான் எழுதிய பத்தியைப் படித்துவிட்டு வேண்டாமென்றே சொல்லியிருக்கலாம். கருவியின்மேல் பழியைப் போடுவது நம்மை விடுவித்துக்கொள்ளும் இன்னொரு தந்திரம். புல்லட் மீது நான் சொல்லக்கூடிய குற்றம் சிறியது, ஆனால் குறிப்பானது. வாக்கியத்தில் பொய் சொல்கிறவன் ‘ஆகையால்’ என்ற இடத்தில் ஒரு தடயத்தை விட்டுவிடுகிறான். அதைப் பிடித்து அவனை மடக்கலாம். பட்டியலில் அந்த இடமே இல்லை. பொய் சொல்லாமலேயே பொய்யின் பலனை அது தருகிறது. தவறு செய்கிறவனுக்கும் தான் செய்வது தெரியாதபடி செய்துவிடுகிறது. நாலாவது புள்ளியை நிரப்பியபோது எனக்குத் தெரியவில்லை என்றேன் அல்லவா, அதுதான்.

மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். நம் பழைய அலுவலகத் தமிழும் அலுவலக ஆங்கிலமும் யோக்கியமானவையா? ‘கருதப்படுகிறது’, ‘தீர்மானிக்கப்பட்டுள்ளது’ என்று செய்தவனை ஒளித்துவைத்து, மூச்சுத் திணறும் நீளத்தில் எழுதியவர்கள்தாமே? ஒப்புக்கொள்கிறேன். வாக்கியம் தன்னளவில் ஒழுக்கமானதல்ல. ‘மற்றும்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் எதனோடும் கட்டிவிடும் இன்றைய நடை, புள்ளி போடாத புல்லட்தான். ஆனால் சீர்கெட்ட வாக்கியத்தைச் சீர்செய்யலாம். அதன் உறுப்புக்கள் கெட்டுப்போயிருந்தாலும் இருக்கின்றன.

பட்டியலே கூடாதா? மளிகைச் சாமான்களை யாரும் எச்சங்களாகக் கோப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தந்தது. அது உயிர் காக்கும் பட்டியல். ஆனால் அதில் இருப்பவை காரணங்கள் அல்ல, செய்யவேண்டிய காரியங்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் உரக்கக் கேட்க, இன்னொருவர் ஆமென்று சொல்லவேண்டும். குரல்கள் அங்கே இருக்கின்றன. சட்டங்களிலும் உட்பிரிவுகள் அடுக்கடுக்காக வருகின்றன. கடைசிப் பிரிவுக்கு முன்னால் ‘உம்’மா ‘அல்லது’வா என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் விடுவதில்லை. அந்த ஒரு சொல்லில் ஒருவன் ஜெயிலுக்குப் போவதும் போகாததும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எனவே பிரச்னை அடுக்குவதில் இல்லை. ஒன்றோடொன்று உறவுள்ளவற்றை உறவற்றவைபோல அடுக்குவதில் இருக்கிறது. சாமான்கள் தனித்தனியானவை. ஒரு மனிதனின் வாழ்க்கையில் நடந்தவை அப்படியல்ல.

நேரம் மிச்சமாகிறது என்பார்கள். உண்மை. மேல் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ குறிப்புகளைப் பார்க்கவேண்டும். ஆனால் அந்த நேரம் யாருடைய கணக்கிலிருந்து மிச்சமாகிறது? படிப்பவருக்கு ஒரு நிமிஷம் லாபம். அந்த நிமிஷத்தில் ஒரு தகப்பனின் ஓராண்டு இரண்டாகப் பிளந்து இருமுறை பற்று எழுதப்படுகிறது. எந்த லெட்ஜரிலும் இந்தப் பதிவு கிடையாது.

அந்தப் பெண் இப்போது பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அவர் கிளைக்கு வருவதை நிறுத்தவில்லை. சிறுசேமிப்பில் பணம் போடுவார், வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார், போவார். நாலாவது புள்ளியை நிரப்பியது நான்தான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ‘பரவாயில்ல சார்’ என்பார். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்பதால் சொல்லாமல் இருக்கிறேன். அல்லது அதுவும் சௌகரியமாக நான் கண்டுபிடித்த ஒரு காரணமாக இருக்கலாம்.

பட்டியல் போடுவதை நான் விடவில்லை. விடுகிற இடத்தில் நான் இல்லை. ஒரே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறேன். கடைசி வரி முடிந்து எண்டர் தட்டினால் ஒரு காலிப் புள்ளி வருகிறது. அதை நிரப்பாமல் இன்னொரு முறை எண்டர் தட்டினால் புள்ளி மறைந்து, கர்சர் இடது ஓரத்துக்கு வந்து வெற்றிடத்தில் நிற்கிறது. மென்பொருளுக்கு அது பட்டியல் முடிந்த இடம். அங்கே ஒரு வாக்கியம் எழுதப் பார்க்கிறேன். மேலே உள்ளவை இத்தனை; இன்னது இன்னதனால் வந்தது; இவை சேர்ந்து இன்ன முடிவைத் தருகின்றன; அப்படிச் சொல்வது நாங்கள். மேனேஜர் பல சமயம் அதை அடித்துவிடுகிறார். சில சமயம் படித்துவிட்டு மேலே உள்ள ஒரு வரியை அடித்துவிடுகிறார். இன்னும் சில சமயம் அந்த வாக்கியத்தை என்னாலேயே எழுத முடிவதில்லை. எழுத வராத அன்று, பட்டியலில் எங்கோ ஒன்று இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, மேலிருந்து திரும்பவும் பார்க்க ஆரம்பிக்கிறேன்.